சந்தா கட்டாதவருக்கும் அதே கூலி

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு காலனித் தெரு. சம்பா நடவு தொடங்கியிருந்த நேரம். காலை ஏழு மணிக்கு டீக்கடை வாசலில் ஒரு சின்னத் தகராறு. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர், அறுபதைத் தாண்டியவர், சட்டைப் பையில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறார். எதிரே, நடவுக்குப் புறப்பட்டுத் தூக்குவாளியோடு வந்த ஒரு பெண்.

முந்தைய வாரம் அந்த ஊரில் நடவுக் கூலியை உயர்த்தக் கேட்டு இரண்டு நாள் யாரும் வயலில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பேசி முடித்தார்கள். கூலி ஏறியது. அந்த இரண்டு நாளும் இந்தப் பெண் பக்கத்து ஊர் நடவுக்குப் போய்விட்டார். கூலி ஏறியதும் உள்ளூர் வயலுக்கு வந்து, ஏறிய கூலியை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு நாளு நாங்க வேலை இல்லாம உட்காந்திருந்தோம். நீ அந்த ஊருக் கூலியையும் வாங்கிட்ட, இங்க ஏத்துன கூலியையும் வாங்கிட்ட. வருசச் சந்தாவாச்சும் கட்டக் கூடாதா?" என்றார் பெரியவர்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "நான் வேணாமுன்னா சொன்னேன் மாமா? எல்லாருக்கும் ஏத்திக் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். எனக்குப் பழைய கூலியே போதும்னு நான் வயல்ல எறங்குனா நீங்க விட்டுடுவீங்களா?"

பெரியவர் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. சங்கத்தில் சேராதவர்கள் சங்கம் வாங்கித் தந்த கூலியை அனுபவிக்கிறார்கள் என்ற குறை நூறாண்டுகளாக எல்லாத் தேசத்துச் சங்கங்களிலும் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் மான்கூர் ஓல்சன் 1965-இல் கூட்டுச் செயல்பாடு பற்றி எழுதிய நூலில் இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். பலன் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் என்றால், தன் பங்கைக் கொடுக்காமல் பலனை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் தனி மனிதருக்கு லாபம். எல்லோரும் அப்படிக் கணக்குப் போட்டால் பலனே உருவாகாது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்தச் சிக்கலும் பெரிதாகும் என்பது அவர் வாதம். பொருளியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கட்டணம் தராத பயணி என்ற உவமையோடு படித்திருப்பார்கள். டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் போகிறவரைப் போல என்று பொருள்.

உவமை சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழத்தஞ்சை வயல்களில் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு பொருந்துவதில்லை.

ஒரு வயலில் இரண்டு கூலி நிற்காது

சங்கத்தில் சேர்ந்தவருக்கு மட்டும் உயர்ந்த கூலி, சேராதவருக்குப் பழைய கூலி என்று ஒரு ஊரில் ஏற்பாடு செய்ததாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை என்ன நடக்கும்? நிலக்காரர் யாரைக் கூப்பிடுவார்? குறைந்த கூலிக்கு வருகிறவரைத்தான். சங்கத்துக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களும் பழைய கூலிக்கே வருகிறோம் என்று இறங்கிவிடுவார்கள். வாங்கிய உயர்வு அதோடு போய்விடும்.

ஆகவே சங்கம் நிலைக்க வேண்டுமென்றால், சேராதவருக்கும் அதே கூலியைக் கேட்டு வாங்கித் தந்தே ஆக வேண்டும். அது சங்கத்தின் தாராள மனதாலோ தர்ம சிந்தனையாலோ நடப்பதில்லை. வேறு வழி கிடையாது. டீக்கடைப் பெண் கேட்டதும் அதுதான்: நான் குறைந்த கூலிக்கு இறங்கினால் முதலில் வந்து தடுப்பது நீங்கள்தானே? தடுக்கத்தான் செய்வார்கள். அப்படித் தடுப்பதற்காகவே கீழத்தஞ்சையில் எத்தனையோ மோதல்கள் நடந்திருக்கின்றன. நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்குவதும் உள்ளூர்க்காரர்கள் வரப்பில் போய் நின்று மறிப்பதும் இந்தப் பகுதியின் எழுபது, எண்பது வருடக் கதை.

கூலி ஊர் விட்டு ஊர் தாவுவதும் உண்டு. ஓர் ஊரில் நடவுக் கூலி ஏறினால், அடுத்த ஊர் நடவு கோஷ்டியின் தலைவிக்கு அன்று சாயங்காலமே சேதி போய்விடும். "அங்க இவ்வளவு குடுக்குறாங்களாம்" என்ற ஒற்றை வாக்கியம் போதும். சங்கக் கொடிக்கம்பமே இல்லாத ஊரில்கூட, கொடி இருக்கும் ஊரைப் பார்த்துக் கூலியை உயர்த்திவிடுவார்கள். ஆள் அங்கே போய்விடக் கூடாது என்ற பயம் ஒன்று. இங்கேயும் கொடி ஏறிவிடக் கூடாது என்ற பயம் இன்னொன்று.

ஆலைகளில் இதைச் சட்டமே செய்துவைத்தது. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 18-வது பிரிவில் இரண்டு வகை ஒப்பந்தங்கள் சொல்லப்பட்டன. நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் பேசிக் கையெழுத்திட்டால், அது கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் சமரச நடவடிக்கையின்போது கையெழுத்தானால், அந்த ஆலையில் அன்று வேலை செய்யும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். பின்னால் வேலைக்குச் சேரப்போகிறவர்களும் அதில் அடக்கம். அதாவது வேலைநிறுத்தம் நடந்த நாளில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையனுக்கும் பின்னாளில் அந்தப் பலன் உண்டு. அவனைப் போய் டிக்கெட் வாங்காத பயணி என்று யார் சொல்வது?

விவசாயக் கூலிக்கு 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருந்தது. அட்டவணையில் விவசாயமும் இருந்தது. அந்தச் சட்டம் யாரிடமும் சங்கச் சீட்டைக் கேட்கவில்லை. அமல்படுத்தத்தான் ஆள் இல்லை. கையில் சட்டம் இருந்தாலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புப் பேச்சு வைக்க வேண்டும் என்றால் வாசலில் நூறு பேர் உட்கார வேண்டியிருந்தது. அந்த நூறு பேரும் அன்றைக்குக் கூலி இழந்தவர்கள்.

தென்பரையிலிருந்து வெண்மணி வரை

இந்த மாவட்ட மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1940-களின் தொடக்கத்தில் தஞ்சை டெல்டாவில் பண்ணையாள் என்பவர் கூலிக்காரர்கூட இல்லை. பண்ணைக்குக் கட்டுப்பட்ட ஆள். குடிசை நிற்கும் மண் பண்ணையாருடையது. தாமதமாக வந்தாலோ எதிர்த்துப் பேசினாலோ சவுக்கடி. மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் உண்டு. இவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள்.

1943-இல் மன்னார்குடி வட்டம் தென்பரையில் விவசாயிகள் சங்கக் கிளை தொடங்கப்பட்டது. பி. சீனிவாசராவ் வெளியூர்க்காரர், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், பிராமணர். சேரிகளில் தங்கி, சேரிச் சோற்றைச் சாப்பிட்டு, சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்பதுதான் அவர் சொன்னதன் சாரம் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உடன்பாட்டுக்குப் பிறகு முதுகில் அடி விழாமல் போனது யாருக்கு? சங்கத்தில் சேர்ந்தவருக்கு மட்டுமா? சங்கத்தின் பெயரைக் கேட்டாலே "நமக்கு எதுக்குப்பா வம்பு" என்று ஒதுங்கிய பண்ணையாளுக்கும் அடி நின்றது. கொடி பிடித்தவர்கள் போலீஸுக்கும் பண்ணை அடியாட்களுக்கும் தப்பி இரவில் வயல்காட்டில் படுத்த நாட்களில், ஒதுங்கியவர்கள் வீட்டிலேயே படுத்திருந்தார்கள். பலன் வந்தபோது இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வந்தது.

1968 டிசம்பர் 25 கீழவெண்மணியைப் பற்றி இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதும், நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலவுடைமையாளர்கள் அமைப்பாகத் திரண்டதும், வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்ததில் மோதல் முற்றியதும், ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி வேறொன்று. அன்று பண்ணையார்கள் வைத்த முக்கிய நிபந்தனைகளில் ஒன்று, செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேர் என்பது. கூலி கொஞ்சம் கூடுவதைக்கூடச் சில இடங்களில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கொடி மட்டும் அவர்கள் கண்ணை உறுத்தியது. சேராமலே கூலி வாங்குகிறவனால் பண்ணையாருக்குப் பெரிய தொல்லை இல்லை. சேர்ந்தவன்தான் தொல்லை.

அந்தப் படுகொலைக்குப் பின் அரசு கணபதியா பிள்ளை கமிஷனை அமைத்தது. 1969-இல் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது கீழத்தஞ்சைக்கென்றே வந்த சட்டம். அதன்படி கூலி பெற்றவர்களில் செங்கொடிச் சங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். பண்ணையார் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். வேறு சாதிக் கூலிக்காரர்களும் இருந்தார்கள். டெல்டாவில் விவசாயக் கூலி வேலை செய்கிறவர்கள் தலித் மக்கள் மட்டும் இல்லையே. ஒரு சமூகம் கொடுத்த விலையில் பல சமூகங்களின் அடுப்பில் உலை கொதித்தது. இதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு மனக்கசப்புதான் மிஞ்சுகிறது. கூலியை வாங்கிய கைகளில் சில, அதே ஆண்டில் சேரிக்காரருக்கு டீக்கடையில் தனிக் குவளையும் வைத்திருந்தன.

ஏன் சேரவில்லை?

சந்தாக் காசுக்காகத்தான் சேரவில்லை என்பதை நான் நம்பவில்லை. 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் 2001-இல் செய்த திருத்தப்படி கிராமப்புறத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சந்தா ஆண்டுக்கு ஒரு ரூபாயாகத்தான் இருந்தது. சங்கங்கள் அதைவிடக் கொஞ்சம் கூட வாங்கினாலும் ஒரு டீ, ஒரு வடைக் காசுக்கு மேல் பெரிதாகப் போகாது. அந்தப் பணத்தை யாரும் மிச்சம் பிடிக்கவில்லை.

மிச்சம் பிடிப்பது வேறு. ஊர்வலத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். மாநாட்டுக்குப் போனால் இரண்டு நாள் கூலி. முன்னால் நின்று பேசினால், "அந்த ஆளைக் கூப்பிடாதே" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவார்கள். நடவுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் வாயைத் திறக்க முடியாது. மகள் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவரும் நிலக்காரரும் ஒரே ஆளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் ரசீதில் எழுதாத சந்தா.

ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய பயம் குடியிருப்பு மனை. சங்கத்தில் சேர்ந்தால் குடிசையைப் பிரித்துப் போடச் சொல்லிவிடுவார்கள். 1971-இல் குடியிருப்புதாரர்களுக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்த பிறகுதான் பல ஊர்களில் அந்தப் பயம் குறைந்தது. அதுவும் போராட்டத்தின் பலன். அதுவும் சேராதவருக்கும் சேர்த்தே கிடைத்தது. ஆனால் அந்த மனைப் பட்டா கையில் வந்த பிறகுதான் துணிந்து சங்கத்தில் சேர்ந்தேன் என்று சொன்ன முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று இலவசமாகப் பலன் பெற்றவர் நாளை உறுப்பினராகிறார், அப்படியும் நடக்கிறது. கணக்குப் போடும் பொருளியல் புத்தகத்தில் இந்த வரிசை வராது.

பெண்களின் விஷயம் தனி. நடவும் களையும் அவர்கள் கையில். வேலைநிறுத்தம் என்றால் வரப்பில் முதலில் நிற்பதும் அவர்கள்தான். ஆனால் கிளைக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு மேல். அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள். கூலிப் பேச்சில் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று என்று இரண்டு எண்ணை எழுதிவிட்டு எழுந்து வந்த கூட்டங்களும் உண்டு. அப்படி எழுதி வந்தவர் மறுவாரம் சந்தா கேட்டு வந்தால் அந்த அம்மாவுக்கு என்ன தோன்றும்? இந்தப் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துத்தான் டீக்கடைத் தகராறைப் பார்க்க வேண்டும்.

சந்தா கட்டியும் பலன் கிடைக்காதவர்கள்

சேராமல் பலன் பெற்றவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சேர்ந்தும் பலன் பெறாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலித் தொழிலாளர் வரலாற்றில் அதற்குப் பெரிய அத்தியாயமே உண்டு.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே தலித் தொழிலாளிக்கு இடமில்லை. நாடாவில் நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். தீண்டத்தகாதவர் வாய் வைத்த நாடாவை நாங்கள் தொட மாட்டோம் என்று மற்றத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். தடுத்தது முதலாளி மட்டும் என்றால் சங்கம் கேட்டிருக்கும். தடுத்தவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். 1928-இல் பம்பாயில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது அம்பேத்கர் இதை எழுப்பினார். நெசவுப் பிரிவில் எங்கள் மக்களுக்கும் வேலை வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளாதீர்கள் என்று அவர்களிடம் சொல்வேன் என்றார். மனமில்லாமல்தான் சேர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள்: கூலி இல்லாமல் ஆறு மாதம் பட்டினி கிடக்கும்போது தலித் தொழிலாளியும் பங்காளி. வென்றால் வரும் நெசவுக் கூலி உயர்வில் அவருக்குப் பங்கில்லை.

1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் உண்டு, ஒன்று பிராமணியம், இன்னொன்று முதலாளியம் என்ற கருத்தை அவர் வைத்தார். ரயில்வேயில் தலித் மக்கள் தண்டவாளத்துக் கேங்மேன் வேலையிலேயே காலம் தள்ள வேண்டியிருந்தது. போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பது கடினம். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையையும் போர்ட்டர் செய்ய வேண்டியிருந்ததால் தீண்டத்தகாதவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதைச் சங்கங்கள் பிரச்சினையாகவே எடுக்கவில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. அதே அம்பேத்கர் அந்த ஆண்டு நவம்பர் 7-இல், வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கும் மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார். வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தபோது, சங்கங்களை முதலாளிகள் கட்டாயமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943-இல் கொண்டுவந்தார். சங்கம் வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. யாருடைய சங்கம் என்று கேட்டார்.

நம் சென்னையில் அதற்கும் முன்பே இது நடந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1921-இல் அந்த ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்றார். திரு.வி.க. சங்கத்தின் பக்கம் நின்றார். வேலைக்குப் போனவர்களைக் கருங்காலி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்த எழுத்துக்கள் நிறைய உண்டு. கையில் ஒரு நாள் அரிசிகூட இல்லாதவர் எத்தனை மாதம் வேலைநிறுத்தம் செய்ய முடியும்? தெருவில் தன்னைத் தொடாதவரின் தலைமையை ஆலைக்குள் எதற்காக நம்ப வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் குறைவு. அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பிளவில் கடைசியாக லாபம் அடைந்தது ஆலை நிர்வாகம். வேலைநிறுத்தம் தோற்றது.

கனடாவில் ஒரு தீர்ப்பு

இந்தச் சிக்கலை வெளிநாட்டில் எப்படித் தீர்த்தார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். கனடாவில் வின்ட்சர் நகரத்து ஃபோர்டு கார் ஆலையில் 1945-இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின், நீதிபதி ஐவன் ராண்ட் 1946-இல் ஒரு தீர்ப்புச் சொன்னார். யாரும் சங்கத்தில் சேர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் சங்கம் பேசி வாங்கிய பலனை எல்லோரும் அனுபவிப்பதால், சேராதவர் சம்பளத்திலும் சந்தாவுக்குச் சமமான தொகையைப் பிடிக்கலாம் என்றார். அமெரிக்காவில் அரசு ஊழியர்களிடம் அப்படிப் பிடித்துவந்ததை 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நிறுத்திவிட்டது. நம் நாட்டில் தொழிலாளி எழுதிக் கொடுத்தால்தான் சம்பளத்தில் சந்தா பிடிக்க முடியும். சம்பளச் சீட்டே இல்லாத நடவுக்காரப் பெண்ணிடம் எதில் பிடிப்பது? எனவே கிளைச் செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், நிறுவனத்தில் 51 சதவீதத் தொழிலாளர்களைக் கொண்ட சங்கமே தனிப் பேச்சாளர் என்ற விதி இருக்கிறது. இது வயலுக்கு வராது, ஆலைக்குத்தான். ஆனால் சேராமல் ஒதுங்குகிறவர்களின் கணக்கை இது மாற்றும். ஒவ்வொரு உறுப்பினரும் எண்ணிக்கையில் ஏறுவார். இதுவரை சேராதவரால் சங்கத்துக்குச் சந்தா மட்டும்தான் நட்டம். இனி பேசும் உரிமையே போகலாம்.

ரிப்பன் மாளிகை வாசல்

அண்மையில் இதையே எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் மாதம் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித் மக்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அகற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, வீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று திட்டங்களை அறிவித்தது.

அவர்கள் கேட்டது நிரந்தர வேலை. அது கிடைக்கவில்லை. கிடைத்த அறிவிப்பு அந்த இரண்டு மண்டலங்களோடு நிற்கவில்லை. அந்த நடைபாதையில் ஒரு மணி நேரம்கூட உட்காராதவர்களுக்கும், அந்தப் போராட்டத்தைப் பற்றிப் படிக்கக்கூட நேரமில்லாமல் அதிகாலை நான்கு மணிக்குத் துடைப்பம் எடுத்த நம் ஊர் நகராட்சிப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் அது. அந்தப் பெண்களில் பலர் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்கிறவர்கள். சங்கத்தில் சேர்ந்தால் மறுநாளே நிறுத்திவிடலாம். நிரந்தர ஊழியர் சங்கம் பேசும் சம்பள உயர்வு இவர்களுக்கு வராது. சட்டத்தின் பார்வையில் இவர்களுக்கு முதலாளி வேறு. அதே தெரு, அதே குப்பை, அதே துடைப்பம். வயலில் தானாகப் பரவும் கூலி, ஒப்பந்த முறையில் தெருவின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒப்பந்த முறையைக் கொண்டுவந்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

வாரிய அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. "அதான் நலவாரிய அட்டை இருக்கே, சங்கம் எதுக்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் சும்மா வந்துவிடவில்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். கட்டுமானத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு, ஊர்வலம் போய் வாங்கியது. அட்டை வாங்கியவருக்கு அந்த ஊர்வலம் தெரியாது. தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. யாராவது சொன்னால்தானே தெரியும்.

அன்று மாலை நடவு முடிந்து கரையேறியபோது அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்த்தேன். சந்தா கட்டினீர்களா என்று கேட்டேன். "மாமா அப்பறம் கேக்கவே இல்ல தம்பி, போயிட்டாரு," என்றார். கை கால் கழுவிக்கொண்டே, "ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் போட்டா நான் எங்க வர்றது? ஞாயித்துக்கிழமை மத்தியானம் போடச் சொல்லுங்க. பொம்பளைக் கூலியையும் ஆம்பளைக் கூலியையும் ஒண்ணாக் கேப்பாங்களான்னும் கேட்டுச் சொல்லுங்க. எங்க கோஷ்டியில பதினாலு பேரு இருக்கோம்," என்றார்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, இன்னும் எத்தனை தாள் மீதி இருக்கிறது என்று விரலால் எண்ணிப் பார்த்தார்.